முதலில் எந்தக் கட்டில்?

காலை டியூட்டி தொடங்குகிறது. இரவு டியூட்டி பார்த்த நர்ஸ், நான்கு நோயாளிகளை ஒப்படைத்துவிட்டுக் கிளம்புகிறார்.

முதல் கட்டிலில், குடல்வால் ஆபரேஷன் முடிந்து இரண்டாவது நாள். வலி எவ்வளவு என்று கேட்டால் பத்துக்கு ஏழு என்கிறார். இரண்டாவது கட்டிலில் சர்க்கரை நோயாளி. ரத்தத்தில் சர்க்கரை 210. மூன்றாவது கட்டிலில், பல வருடங்களாக சிஓபிடி என்ற நுரையீரல் நோயோடு வாழும் பெரியவர். ஆக்சிஜன் அளவு 90. நான்காவது கட்டிலில், நேற்று தைராய்டு ஆபரேஷன் செய்துகொண்ட பெண். அவருக்கு வலி பெரிதாக இல்லை. “வாயைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு சிஸ்டர்” என்கிறார், அவ்வளவுதான்.

நர்ஸ் ஒருவர்தான் இருக்கிறார். முதலில் எந்தக் கட்டிலுக்குப் போவார்?

பலரும் வலியில் துடிப்பவரைச் சொல்வார்கள். கொரோனா காலத்தில் வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கி வைத்தவர்கள் மூன்றாவது கட்டிலைச் சொல்வார்கள். விடை நான்காவது கட்டில். தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு பாரா தைராய்டு சுரப்பிகள் ஆபரேஷனில் பாதிக்கப்பட்டால், உடம்பில் கால்சியம் குறையும். அதன் ஆரம்ப அறிகுறிதான் அந்த ‘எறும்பு ஊர்றது’. கவனிக்காமல் விட்டால் தசைகள் இழுத்துக்கொள்ளும். தொண்டைத் தசை இழுத்துக்கொண்டால் மூச்சுப்பாதையே அடைத்துக்கொள்ளும்.

ஆபரேஷன் செய்த இடத்தில் வலி இருப்பது எதிர்பார்த்ததுதான். அந்த நுரையீரல் நோயாளிக்கு 88-லிருந்து 92-க்குள் ஆக்சிஜன் இருந்தால் போதும் என்றுதான் டாக்டர்களே பெரும்பாலும் குறித்து வைப்பார்கள். சர்க்கரை 210 என்பது அரை மணி நேரத்தில் ஆளைக் கொல்லாது. சத்தம் குறைவாக இருந்த கட்டிலில்தான் ஆபத்து அதிகம்.

அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்க்க எழுத வேண்டிய என்க்ளெக்ஸ் தேர்வு கேட்பது இந்த மாதிரிக் கேள்விகளைத்தான். ‘கால்சியத்தின் சரியான அளவு என்ன?’ என்று அது அதிகம் கேட்பதில்லை. ‘தெரிந்ததை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்வாய்?’ என்று கேட்கிறது. மனப்பாடத்தில் கில்லாடியான பல நர்ஸுகள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் 34 வயது நர்ஸ் ஒருவரும் இங்கேதான் விழுந்தார்.

பதினோரு வருட அனுபவம் அவருக்கு. கணவருக்கு மில் வேலை, நாலாவது படிக்கும் மகள், பாதி கட்டி நிற்கும் வீடு. கூடப் படித்த தோழி ஒருத்தி அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகு, இவருக்கும் அந்த ஆசை வந்தது. சான்றிதழ்களைச் சரிபார்க்க, விண்ணப்பிக்க, கோச்சிங் போக என்று செலவு தொடர்ந்தது. தேர்வுக்கு மட்டும் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் மேலும் 150 டாலர், வரி தனி. தாலிச் செயினைத் தவிர மற்ற நகை அடகுக் கடைக்குப் போனது.

நைட் டியூட்டி முடித்து வந்து, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் படித்தார். மருந்துகளின் பெயர், பக்க விளைவு, லேப் அளவுகள் எல்லாம் தலைகீழாக ஒப்பிப்பார். போனில் ஆயிரக்கணக்கான மாதிரிக் கேள்விகள். ஒரே கேள்வி மறுபடி வந்தால், படிக்காமலே ‘மூன்றாவது விடை’ என்று தட்டும் அளவுக்குப் பழகியிருந்தார்.

சென்னையில் தேர்வு மையம். 85 கேள்விகளோடு திரை நின்றுவிட்டது. “85-ல நின்னா பாஸ்தான்” என்று வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் வாழ்த்தினார்கள். வீட்டில் கேசரி கிண்டினார் மாமியார். சில வாரம் கழித்து முடிவு வந்தது. ஃபெயில்.

85-ல் நிற்பதற்கு என்ன அர்த்தம் என்பதே அந்தக் குழுவில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்தத் தேர்வு 1994 முதல் கம்ப்யூட்டரில் நடக்கிறது. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் கிடையாது. சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும். தப்பாகச் சொன்னால் சற்று எளிதாகும். ஒருவர் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறார், அல்லது கீழேதான் இருக்கிறார் என்று கம்ப்யூட்டருக்கு 95 சதவிகிதம் உறுதியானதும் தேர்வு முடிந்துவிடும். குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150. ஆகவே 85-ல் நின்றால் தெளிவான பாஸாகவும் இருக்கலாம், தெளிவான ஃபெயிலாகவும் இருக்கலாம். 150 வரை போனவர்களும் பாஸ் ஆவதுண்டு.

தோற்றவர்களுக்கு ஓர் அறிக்கை வரும். எந்தப் பகுதியில் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே, எதில் அதை ஒட்டி, எதில் கீழே என்று அதில் இருக்கும். மதுரை நர்ஸ் அதை ஒரு வாரம் பிரிக்கவே இல்லை. பிரித்துப் பார்த்தபோது ஆச்சர்யம். அவர் பயந்த மருந்துப் பகுதியில் கோட்டுக்கு மேலே இருந்தார். கீழே போனது இரண்டு பகுதிகள். ஒன்று, பல நோயாளிகளின் கவனிப்பை ஒழுங்குபடுத்துவது. இன்னொன்று, நோயாளியின் மனநிலையைக் கையாள்வது. பதினோரு வருடமாக அவர் தினமும் செய்துகொண்டிருந்த வேலைகள்!

அந்த அறிக்கையை அவர் எடுத்துக்கொண்டு போனது கோச்சிங் சென்டருக்கு அல்ல. அடுத்த தெருவில் இருந்த ஒரு பெரியம்மாவிடம். அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். தெருவே அவரை ‘சிஸ்டரம்மா’ என்றுதான் கூப்பிடும். என்க்ளெக்ஸ் என்ற பெயரையே அவர் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார்.

“ஒரு கேள்வியைத் தமிழ்ல சொல்லும்மா, பாப்போம்.”

“குழந்தை பிறந்து ரெண்டு மணி நேரம் ஆகுதும்மா. ரத்தப்போக்கு அதிகமா இருக்கு. வயித்துல கை வச்சுப் பார்த்தா கர்ப்பப்பை மெத்துனு இருக்கு. நர்ஸ் முதல்ல என்ன செய்யணும்? இதுல நாலு விடை இருக்கு...”

“விடையெல்லாம் இருக்கட்டும். நீ என்ன செய்வ?”

“டாக்டருக்குச் சொல்வேன்.”

“அவர் வர்ற வரைக்கும்?”

நர்ஸின் கை தானாகவே வட்டமாகத் தேய்ப்பதுபோல் அசைந்தது. கர்ப்பப்பையைத் தேய்த்துக் கொடுத்தால் அது சுருங்கும், ரத்தம் கட்டுப்படும். அதைத்தான் வார்டில் செய்வார். டாக்டருக்கு ஆள் அனுப்பிக்கொண்டே செய்வார்.

“கைக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலியே பாப்பா” என்று சிரித்தார் சிஸ்டரம்மா.

அதுதான் விஷயம். ‘டாக்டரிடம் சொல், எழுதிக் கொடுத்ததைச் செய்’ என்றே பழக்கப்பட்டதால், தான் எடுக்கும் முடிவுகளை அவர் முடிவுகளாகவே எண்ணியதில்லை. தேர்வில் ‘முதலில் என்ன செய்வாய்?’ என்று கேட்டவுடன் பாதுகாப்பாகத் தோன்றிய ‘டாக்டருக்குத் தெரிவி’யைத் தட்டிவிட்டு வந்திருந்தார்.

அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் சாயங்காலம் அந்தத் திண்ணையில் பாடம் நடந்தது. ஒரு நாளைக்கு 100 கேள்வி என்ற கணக்கு போய், பத்தே கேள்வி. ஆனால் ஒவ்வொன்றையும் பிரித்து மேய்ந்தார்கள். முதலில் விடைகளைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும். அந்த நோயாளி தன் வார்டில், கண் முன்னால் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். பிறகு சிஸ்டரம்மா வரிசையாகக் கேட்பார். இந்த நோய்க்கு இது எதிர்பார்த்ததுதானா, புதுசா? இப்பவே கவனிக்காம விட்டா அடுத்த ஒரு மணி நேரத்துல என்ன ஆகும்? முடிவு பண்ற அளவுக்குப் பாத்தாச்சா, இன்னும் எதையாவது பாக்கணுமா? செஞ்ச பிறகு சரியாச்சுன்னு எப்படித் தெரியும்?

விடைகளைத் திறந்த பிறகும் வேலை இருந்தது. ஏன் இது சரி என்று சொன்னால் மட்டும் போதாது. மற்ற மூன்றும் ஏன் இப்போது சரியில்லை என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடியாத நாளில், விடை சரியாக இருந்தாலும் சிஸ்டரம்மா மார்க் போட மாட்டார்.

2023 ஏப்ரலில் இந்தத் தேர்வு புது வடிவத்துக்கு மாறியது. ஒரு நோயாளியின் கதையை முழுதாகக் கொடுத்து, அதன்மேல் ஆறு கேள்விகள் கேட்பார்கள். குறைந்தது மூன்று கதைகள் வரும். அறிகுறிகளைக் கவனிப்பது, அவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பார்ப்பது, எது அவசரம் என்று வரிசைப்படுத்துவது, என்னென்ன செய்யலாம் என்று யோசிப்பது, செய்வது, பலன் கிடைத்ததா என்று பார்ப்பது. இதுதான் அந்த ஆறு படி. கோச்சிங் வகுப்பில் இதற்கு ‘கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட்’ என்று பெயர், ‘கிரிட்டிக்கல் திங்கிங்’ என்று பெயர். சிஸ்டரம்மாவுக்குப் பெயர் தெரியாது. அந்த ஆறு படியும் அவர் கேள்விகளுக்குள்ளேயே இருந்தன.

சூத்திரங்களை மட்டும் நம்பக்கூடாது என்பதும் அங்கேதான் புரிந்தது. ‘முதலில் பரிசோதி, பிறகு செயல்படு’ என்று எல்லா கோச்சிங்கிலும் சொல்லித் தருவார்கள். நல்ல விதிதான். ஆனால் சாப்பிடும்போது தொண்டையில் இட்லி அடைத்து, பேச முடியாமல், மூச்சு விட முடியாமல் ஒருவர் தவிக்கும்போது ஆக்சிமீட்டரைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று. செய்ய வேண்டியதுதான் பாக்கி. விதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பிரித்துப் பார்ப்பதுதான் யோசனை.

மனநிலை சம்பந்தப்பட்ட கேள்விகள்தான் இன்னும் கஷ்டமாக இருந்தன. நாளைக்கு ஆபரேஷன். நோயாளி, “நான் பிழைப்பேனா சிஸ்டர்?” என்று கேட்கிறார். பதினோரு வருடமாக இவர் சொல்லிவந்த பதில், “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க.” தேர்வில் அது தவறான விடை. ‘ஆறுதல் சொன்னது தப்பா?’ என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

சிஸ்டரம்மா சற்று நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். “ஒண்ணும் ஆகாதுன்னு நீ சொன்னதும் அவங்க என்ன செய்வாங்க? பேசாம திரும்பிப் படுத்துக்குவாங்க. பயம் போச்சா? போகல. வாய்தான் மூடிருச்சு.”

சரியான விடை, “ரொம்பப் பயமா இருக்கா? எதை நினைச்சுப் பயப்படுறீங்க, சொல்லுங்க” என்பது போல இருக்கும். ஆபரேஷனைப் பற்றிய பயமாக இருக்கலாம். முன்பு மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போன அனுபவமாக இருக்கலாம். அது தெரிந்தால் டாக்டர் எச்சரிக்கையாகிவிடுவார். கேட்காவிட்டால் யாருக்கும் தெரியாது. நவீன நர்சிங்குக்கு அடித்தளமிட்ட ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், 1859-ல் வெளிவந்த தன் ‘நோட்ஸ் ஆன் நர்சிங்’ புத்தகத்தில், நோயாளிகளிடம் வெற்று நம்பிக்கை வார்த்தைகளை அள்ளிவிடுபவர்களைக் கண்டித்து ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறார். நோயாளியைக் கூர்ந்து கவனிப்பது பற்றியும் தனி அத்தியாயம் உண்டு.

இன்னொன்றும் இடறியது. புற்றுநோய் என்று தெரிந்தால் இங்கே முதலில் மகனிடம் சொல்வார்கள். “அப்பாவுக்குத் தெரிய வேணாம் சிஸ்டர்” என்று மகன் கையைப் பிடித்துக்கொள்வார். அமெரிக்கத் தேர்வில், தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்குத்தான் முதலில். இரண்டு ஊரின் வழக்கமும் வேறு. எது உசத்தி என்ற வாதத்தில் இறங்காமல், இந்தக் கேள்வி எந்த ஊர் ஆஸ்பத்திரியில் நடக்கிறது என்று பார்த்துப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டார் மதுரை நர்ஸ்.

தோற்றவர்கள் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். அவர் அவசரப்படவில்லை. எட்டு மாதம் எடுத்துக்கொண்டார். அந்த எட்டு மாதத்துக்குள் ஓர் இரவு வந்தது.

எலும்பு முறிவு வார்டு. பைக் விபத்தில் தொடை எலும்பு முறிந்த 22 வயதுப் பையன். விபத்து நடந்து இரண்டாவது நாள். ராத்திரி இரண்டு மணிக்கு அவன் அம்மா ஓடிவந்தார். “சிஸ்டர், தூங்கவே மாட்டேங்கிறான். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குறான், சம்பந்தமில்லாம பேசுறான். ஒரு தூக்க ஊசி போட்டு விடுங்களேன்.”

கேஸ் ஷீட்டில் தூக்கத்துக்கு ஊசி எழுதியே இருந்தது, ‘தேவைப்பட்டால்’ என்று. போட்டிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. சிரிஞ்சைக் கையில் எடுத்தவர் நின்றார். மாலை வரை அம்மாவிடம் சிரித்துப் பேசிய பையன். இது எதிர்பார்த்ததா, புதுசா?

போய்ப் பார்த்தார். பையன் வலியில் கத்தவில்லை, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். எண்ணிப் பார்த்தார், நிமிஷத்துக்கு 34 மூச்சு. ஆக்சிஜன் 84. சட்டைப் பட்டனைக் கழற்றினார். மார்பிலும் அக்குளிலும் கொசு கடித்ததுபோல் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். உடைந்த பெரிய எலும்பு, இரண்டாவது நாள், மூச்சுத் திணறல், குழப்பம், புள்ளிகள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சாதாரணம். சேர்த்துப் பார்த்தால் ஒரே அர்த்தம்தான். எலும்பு மஜ்ஜையிலிருந்து கசிந்த கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கும் மூளைக்கும் போயிருக்கலாம். பெரிய எலும்பு உடைந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் வரும் ஆபத்து அது. அந்த நிலையில் தூக்க ஊசி போட்டால், இருக்கிற மூச்சும் மந்தமாகும்.

தலைப்பக்கத்தை உயர்த்தி, ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்து, காலை அசைக்காதபடி அம்மாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, டியூட்டி டாக்டருக்கு போன் செய்தார். ‘பேஷண்ட் ரெஸ்ட்லெஸ்ஸா இருக்கார் டாக்டர்’ என்று சொல்லவில்லை. கண்டவை ஐந்தையும் வரிசையாகச் சொல்லி, “கொழுப்பு அடைப்பா இருக்குமோன்னு சந்தேகப்படுறேன், உடனே வாங்க” என்றார். பதினோரு வருடத்தில் ஒரு டாக்டரிடம் ‘சந்தேகப்படுறேன்’ என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டர் ஓடிவந்தார். பையன் ஐசியூவுக்குப் போனான். பல நாள் கழித்து வார்டுக்குத் திரும்பினான்.

இரண்டாவது முறை சென்னைக்குப் போனபோது, அவரிடம் மனப்பாடம் குறைந்திருந்தது, நிதானம் கூடியிருந்தது. ஐந்து மணி நேரம், அதிகபட்சம் 150 கேள்வி. கேள்விக்கு இரண்டு நிமிஷம். முந்தைய கேள்விக்குத் திரும்ப முடியாது, ஆகவே போனதை நினைத்து வருந்திப் பயனில்லை. ஒவ்வொரு கேள்வியும் தெரிந்தும் தெரியாததுமாகவே இருந்தது. முன்பு அது அவரைப் பதற வைத்திருந்தது. இப்போது காரணம் தெரியும். ஏறக்குறைய பாதி வாய்ப்புதான் இருக்கிற கேள்வியாகப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் எடுக்கிறது. நன்றாக எழுதுகிறவருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

85 தாண்டியது, 100 தாண்டியது. எண்ணிக்கையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, அடுத்த நோயாளியைப் பார்த்தார். 118-ல் திரை நின்றது. இந்த முறை வீட்டில் யாரும் கேசரி கிண்டவில்லை, முடிவு வரட்டும் என்று காத்திருந்தார்கள். பாஸ்.

பாஸ் ஆன மறுநாளே விமானம் ஏற முடியாது. ஆங்கிலத் தேர்வு, விசாவுக்கான சான்றிதழ் சரிபார்ப்பு, அதன்பின் நீண்ட விசா வரிசை. இந்தியர்களுக்கு அதில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதனால் அவர் இன்னும் அதே வார்டில்தான் இருக்கிறார். நகையும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

ஆனால் அந்த வார்டில் டியூட்டி மாறும் நேரம் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் ‘மூணாம் நம்பர் ஸ்டேபிள், நாலாம் நம்பர் ஸ்டேபிள்’ என்று இரண்டு நிமிஷத்தில் ஒப்படைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். இப்போது ஒவ்வொரு கட்டிலிலும் அவர் ஒரு வரி கூடுதலாகச் சொல்கிறார். “இவருக்கு இன்னைக்கு எது நடந்தா நாம பயப்படணும் தெரியுமா?” பயிற்சிக்கு வரும் இளம் நர்ஸுகள் முதலில் முழித்தார்கள். இப்போது அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறார்கள். பஸ் ஒன்று தவறினால் அடுத்த பஸ்ஸில் போகிறார்கள்.